அந்த ஆறு எண்கள்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அது. 2023-ம் வருஷம் ஆகஸ்டு 4-ந் தேதி, ஆடி மூன்றாம் வெள்ளி. முதல் நாள் காவேரிக்குப் போய்ச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை. விடியற்காலையில் எழுந்து வெக்காளியம்மன் கோவிலுக்கும் போய்விட்டு வந்து, சமையலில் இறங்கினேன். குக்கரில் பருப்பு, பக்கத்து அடுப்பில் புளித்தண்ணீர். மணி பதினொன்று இருக்கும். செல்போன் மணி அடித்தது.

"வணக்கம் மேடம், உங்க பாங்க்லேருந்து பேசறோம்." என் பெயரை முழுசாகச் சொன்னான். நல்ல தமிழ், அடக்கமான குரல். "உங்க கிரெடிட் கார்டுல 6,480 ரிவார்டு பாயிண்ட் சேர்ந்திருக்கு மேடம். இன்னிக்கு ராத்திரியோட அது காலாவதி ஆயிடும். விருப்பம்னா பணமா மாத்தி உங்க பில்லிலேயே கழிச்சுடறோம்."

விட்டுவிட மனசு வருமா, சொல்லுங்கள்! பால் கவர்களைக் கழுவிக் காயவைத்துக் கடையில் போடுகிறவர்கள் நாம்.

ஆனாலும் சந்தேகம் வராமல் இல்லை. "நீங்க பாங்க்தான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்கத்தான் கேட்டேன். அவன் தடுமாறவே இல்லை. "ரொம்ப நல்ல கேள்வி மேடம். எல்லாரும் உங்கள மாதிரி ஜாக்கிரதையா இருக்கணும். உங்க கார்டு நம்பர்ல முதல் ஆறு எண்ணை நானே சொல்றேன். சரியான்னு பார்த்துக்குங்க" என்றான். சொன்னான். பீரோவிலிருந்து கார்டை எடுத்துப் பார்த்தேன். ஆறும் சரி!

அங்கேதான் நான் விழுந்தேன். அப்புறம் மீதி எண்களை நானே படித்தேன். எந்த மாதம் முடிகிறது என்று கேட்டான், சொன்னேன். பின்பக்கத்து மூன்று எண், சொன்னேன். "இப்ப ஒரு ஓ.டி.பி. வரும் மேடம், பாயிண்ட் மாத்தறதுக்கு" என்றான். டொய்ங் என்று வந்தது. அதுவும் ஆறு எண்தான். ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. படிக்கத் தெரியாதவள் இல்லை நான், பத்தாவது வரை படித்தவள். அந்தத் தகவலிலேயே தொகையும் இருந்தது, யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் இருந்தது. ஆனால் என் கண் எண்ணை மட்டும் தேடியது. குக்கர் வேறு விசில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வினாடி இன்னொரு தகவல்: 24,500 ரூபாய் செலவாகியிருக்கிறது.

"மேடம், அது டெம்பரரிதான், திரும்பி வந்துடும். இன்னொரு ஓ.டி.பி. வரும், அதையும் சொல்லுங்க" என்றான். போனை வைத்துவிட்டேன். கையெல்லாம் வெலவெலத்துப் போய் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கார்டைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். சம்பளம் இல்லாத நம் போன்றவர்களுக்கு யார் கார்டு தருவார்கள் என்று கேட்பீர்கள். என் அப்பா எனக்கென்று விட்டுப்போன ஒரு லட்ச ரூபாயை பாங்கில் நிரந்தர வைப்பாகப் போட்டிருந்தேன். அந்த டெபாசிட்டை ஈடாக வைத்து என் பெயரிலேயே 80,000 ரூபாய் வரைக்கும் கார்டு கொடுத்தார்கள். பில் கட்டாமல் விட்டால் டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பெயர்தான் கடன் கார்டு, அதன் அடியில் இருந்தது அப்பாவின் பணம். கார்டு வந்த அன்று என் கணவரின் சொந்தக்காரர் ஒருவர், "பத்தாவது படிச்ச பொம்பளைக்குக் கார்டு எதுக்குய்யா?" என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார். அன்றைக்கு என் கணவர், "அவ கணக்குல என்னைவிடக் கெட்டி" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் வெள்ளிக்கிழமை என் வாயைக் கட்டிப் போட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதோடு விட்டேனா? பாங்கிலிருந்து வந்த அந்த இரண்டு தகவல்களையும் போனிலிருந்து அழித்தேன். கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால் நடக்காததாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ! பிறகு புகார் எழுதும்போது நேரம், கடையின் பெயர், எண் எல்லாம் தேவைப்பட்டது. பாங்கின் கணக்குச் சீட்டில் தேடி எடுக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அன்று ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு, சனிக்கிழமை விடியற்காலை இரண்டு மணிக்கு மேல், மூன்று தகவல்கள் வரிசையாக வந்திருக்கின்றன. காலையில் பால் வாங்க எழுந்தபோதுதான் பார்த்தேன். 9,870 ரூபாய், 10,240 ரூபாய், 8,310 ரூபாய். மூன்றும் வெளிநாட்டுக் கடைகளில், டாலர் கணக்கில். இதற்கு ஓ.டி.பி. வரவேயில்லை!

எப்படி என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். நம் நாட்டுக் கடைகளில் இணையத்தில் கார்டு போட்டால் ஓ.டி.பி. கேட்கும். வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் கார்டு எண், முடியும் மாதம், பின்பக்கத்து மூன்று எண் இவை இருந்தாலே போதுமாக இருந்தது. 2020-ல் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. புதுக் கார்டு கைக்கு வரும்போது அது நம் நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடையில் தேய்ப்பதிலும் மட்டும்தான் வேலை செய்யும். இணையத்தில் வாங்குவது, வெளிநாட்டுக்கு அனுப்புவது இதெல்லாம் நாமே திறந்துவிட்டால்தான் திறக்கும், வேண்டாத நேரத்தில் மூடியும் வைக்கலாம். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்றால், மகன் ஏதோ வெளிநாட்டுப் பரீட்சைக்கு டாலரில் பணம் கட்ட வேண்டுமென்று என் கார்டில் அந்த வசதியைத் திறந்தான். பரீட்சையும் எழுதினான், வேலைக்கும் போய்விட்டான். கொல்லைக் கதவு திறந்தபடியே கிடந்தது.

ஆனால் கதவைச் சொல்லி என்ன பயன்? வெள்ளிக்கிழமை பதினொன்றேகால் மணிக்கே கார்டை முடக்கியிருந்தால் ராத்திரி அந்த மூன்றும் நடந்திருக்காது. அந்த 28,420 ரூபாயும் திருடன் கேட்டு நான் கொடுத்ததல்ல. என் வெட்கத்துக்கு நான் கட்டின அபராதம்!

சனிக்கிழமை முழுக்க ஊமை போல நடமாடினேன். ஞாயிற்றுக்கிழமை குழம்பில் உப்பே இல்லை. என் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "இருபத்து மூணு வருஷமா உன் கையால சாப்பிடறேன், உப்புப் போட மறந்ததில்லை. என்னம்மா ஆச்சு, சொல்லு" என்றார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எழுபத்தைந்து வயசு, செல்போனில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் மட்டும் தெரிந்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் அந்தக் கார்டு அவன் கையில ஓடுதா?" இரண்டாவது, "பூனை பாலைக் குடிச்சுட்டா மீதியை மூடி வைக்கணும்டீ. சட்டியைப் பார்த்து அழுதுக்கிட்டா இருப்பாங்க?" மகனைக் கூப்பிட்டு அவரே சொல்லிவிட்டார்.

என் கணவர் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா பாதிதானே போயிருக்கும்?" என்றார். திட்டியிருந்தாலே தேவலை என்று இருந்தது.

பிறகு வேலையைப் பார்த்தோம். என்னென்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கட்டும், ஆனால் தெரிந்திருக்கட்டும்.

முதல் வேலை, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கினது. வாசகிகள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாங்கின் எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். பதற்றத்தில் தேடுகிறவர்களுக்கென்றே அங்கே பொய் எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கார்டின் முதுகு, பாஸ்புக், கிளைக்கு நேரில் போவது, இந்த மூன்றைத்தான் நம்பலாம். பாங்கின் செயலியிலேயே கார்டை முடக்கும் பொத்தான் இருக்கிறது. என் போனில் இருந்தது, அதுநாள் வரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இரண்டாவது, 1930 என்ற எண். பணமோசடிக்கென்று நாடு முழுவதற்கும் மத்திய அரசு வைத்திருக்கும் எண் இது. எந்த பாங்க், எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். கையில் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும். அவர்கள் பணம் போய்ச் சேர்ந்த பாங்குக்கோ நிறுவனத்துக்கோ உடனே தகவல் அனுப்புவார்கள். பணம் இன்னும் திருடன் கணக்கில் கிடந்தால் அப்படியே நிறுத்தி வைக்க முடியும். அவன் அதை வேறு கணக்குக்கு மாற்றி, எடுத்துவிட்டால் முடிந்தது. எங்கள் விஷயத்தில் இரண்டு நாள் கழிந்திருந்தது. என் 24,500-ஐ அந்த வெள்ளிக்கிழமையே பரிசுக் கூப்பன்களாக வாங்கித் தீர்த்திருந்தான்.

மூன்றாவது, cybercrime.gov.in என்ற அரசு தளத்தில் புகார் பதிவு. ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டுமே என்று மகள்தான் உட்கார்ந்து செய்தாள். புகார் எண் வந்தது. திங்கட்கிழமை பாங்க் கிளையில் எழுத்து மூலமாகக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினோம். "போன்ல சொல்லிட்டீங்கள்ல, போதும்மா" என்றார் அங்கே இருந்தவர். போதாது என்று என் கணவர் நின்று வாங்கினார். பின்னால் அந்த முத்திரைதான் பேசியது.

ஏன் என்று சொல்கிறேன். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. நாம் அறியாமல் பணம் போனால் யார் தலையில் விழும் என்பதற்கான விதி. பாங்கின் குறையால் போனால் நமக்கு நஷ்டமில்லை. பாங்கின் மேலும் தப்பில்லை, நம் மேலும் தப்பில்லை, நடுவில் எவனோ செய்தான் என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு அளவு வரை நம் பொறுப்பு. என்னைப் போல எண்ணை நாமே சொல்லித் தொலைத்திருந்தால், பாங்குக்குச் சொல்லும் வரை போனதெல்லாம் நம் தலையில். சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போனால் பாங்கின் தலையில். ஆக, தப்பே நம்முடையதானாலும், எந்த நிமிஷம் சொன்னோம் என்பதுதான் கணக்கு. நான் இரண்டு நாள் பொத்தி வைத்தேனே, அந்த இரண்டு நாளும் கணக்கில் என் பக்கம்.

மகன் சென்னையிலிருந்து பேசி, அந்த மூன்று வெளிநாட்டுச் செலவுகளுக்கும் தனித்தனியாக மறுப்புப் படிவம் கொடுக்கச் சொன்னான். ஓ.டி.பி. இல்லாமல் எடுத்தது என்பதை அழுத்தி எழுதினோம். இரண்டரை மாதம் கழித்து 9,870-ம் 10,240-ம் திரும்பி வந்தன. மூன்றாவது வரவில்லை. காரணம் கேட்டு இரண்டு கடிதம் போட்டும் தெளிவான பதில் இல்லை, விட்டுவிட்டோம். மோசடி என்று மறுத்த தொகைக்கு, விவகாரம் தீரும் வரை வட்டியோ அபராதமோ போடக் கூடாது என்று 2022-ல் வந்த கார்டு விதிகளில் இருக்கிறது. எங்களுக்கு முதல் பில்லில் போட்டிருந்தார்கள். கடித நகலைக் காட்டிய பிறகு எடுத்தார்கள்.

நிகர நஷ்டம் 32,810 ரூபாய். மகளின் ஹாஸ்டலுக்கென்று போட்டிருந்த சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினேன். தவணையாகக் கட்டலாமே என்று பாங்கில் சொன்னார்கள். மாதம் மூன்றரை வட்டி என்றால் வருஷத்துக்கு நாற்பதுக்கு மேல் ஆகிறது. இந்தக் கணக்கில் நான் கெட்டிதான்.

முதல் ஆறு எண்ணை அவன் எப்படிச் சரியாகச் சொன்னான் என்பது என்னை ரொம்ப நாள் அரித்தது. பாங்கிலேயே யாரோ ஆள் வைத்திருக்கிறான் என்றுகூட நினைத்தேன். விஷயம் அற்பமானது. கார்டு எண்ணின் முதல் ஆறு எண்கள் எனக்கு மட்டும் உரியவையல்ல. எந்த பாங்க், எந்த வகைக் கார்டு என்பதைக் குறிக்கும் எண்கள் அவை. அதே பாங்கில் அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் அவை ஒன்றேதான். "உங்க வீட்டு போன் நம்பர் 0431-னு ஆரம்பிக்கும், சரியா?" என்று திருச்சிக்காரரிடம் கேட்கிற மாதிரி! பெயரும் போன் எண்ணும் பாங்கின் பெயரும் எங்கேயோ ஒரு பட்டியலில் கிடைத்திருக்கும். மீதியை நான்தான் வாசித்துக் காட்டினேன்.

இனி எங்கள் தெருவில் நடந்த இன்னொன்று. 2024 தையில் பக்கத்து வீட்டு அக்கா பழைய கட்டிலை விற்கிறேன் என்று செல்போனில் படம் போட்டார். ராணுவத்தில் இருக்கிறேன் என்று ஒருவன் பேசி, பேரம்கூடப் பேசாமல் சம்மதித்தான். "பணம் அனுப்ப ஒரு கட்டம் போட்ட படம் அனுப்பறேன், அதை ஸ்கேன் பண்ணி உங்க ரகசிய எண்ணைப் போடுங்க, பணம் வந்துடும்" என்றான். அக்கா போட்டார். 18,000 போனது. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே வேண்டாம், கொடுப்பதற்குத்தான் வேண்டும். இது எனக்கும் அப்போது நன்றாகத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. ஆனால் அக்கா செய்த ஒரு காரியம் எனக்குத் தெரியாமல் போனது. போன மறு நிமிஷமே தெருவில் இறங்கி, "அய்யோ, என் பணத்தைத் திருடிட்டான்!" என்று கத்தினார். நாலு வீடு கூடியது. நான் ஓடிப்போய் 1930-ஐக் கூப்பிட்டேன். சரியாக இருபது நிமிஷத்துக்குள் புகார் பதிவாகிவிட்டது. 11,500 ரூபாயை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். அது கைக்கு வர நீதிமன்ற உத்தரவு, அலைச்சல் என்று மாதங்கள் ஆயின. ஆனாலும் வந்தது. அக்கா ஐந்தாவது வரை படித்தவர். ஊர் கேட்கக் கத்தினாரே, அதற்கு நான் இன்றைக்கும் மனசுக்குள் கும்பிடு போடுகிறேன்.

பணம் போவது ஒரு வகை. நம் பெயரே போவது இன்னொரு வகை. அது உடனே தெரிவதுமில்லை. என் நாத்தனாருக்கு அப்படித்தான். வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது, "ஏற்கெனவே நீங்க ஒரு கடன் வாங்கிக் கட்டாம இருக்கீங்களே" என்றார்களாம். அவர் வாழ்நாளில் பால்காரனுக்குக்கூடப் பாக்கி வைத்ததில்லை! விசாரித்தால், அவருடைய பான் எண்ணைக் காட்டி எவனோ செல்போன் வழியாகக் கடன் வாங்கியிருக்கிறான். பான் கார்டு, ஆதார் நகல்களை அவர் எங்கெங்கே கொடுத்தார் என்று எண்ணிப் பார்த்தோம். செல்போன் சிம் வாங்கின இடம், தவணையில் வாஷிங் மெஷின் வாங்கின இடம், வாடகை வீட்டுத் தரகர், கல்யாண மண்டபம். ஒன்பது இடம் வரை எண்ணி அலுத்துவிட்டோம். எந்த இடம் என்று இன்று வரை தெரியாது.

கடன் விவரம் வைத்திருக்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை நம் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாம் வாங்காத கடன் அதில் இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் எழுத வேண்டும், போலீஸ் புகார் நகலோடு. முப்பது நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி வந்திருக்கிறது. நாத்தனாருக்கு நாற்பத்து மூன்று நாளில் பெயர் சுத்தமானது. வீட்டு விலை அதற்குள் இரண்டு லட்சம் ஏறிவிட்டது, அது வேறு கதை. நான் இப்போது ஒவ்வொரு வருஷமும் என் பிறந்த நாளன்று என் அறிக்கையையும், கல்யாண நாளன்று அவருடையதையும் பார்த்துவிடுகிறேன். மறக்காமல் இருக்க இது ஒரு யுக்தி.

அதிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து வெறும் நகல் எதுவும் வெளியே போவதில்லை. நகலின் மேலேயே குறுக்கே, எழுத்தின் மேல் படும்படி, "சமையல் வாயு இணைப்புக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிடுவேன். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படியான பிரதியை ஆதார் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், பல இடங்களுக்கு அதுவே போதும். மாமியாருடைய கைரேகையை ஆதார் செயலியில் பூட்டி வைத்தோம். கைரேகையை வைத்தே கணக்கிலிருந்து பணம் எடுக்கிற முறை கிராமங்களில் இருக்கிறதே, அதில் நடக்கும் திருட்டுக்கு இது தடை. ஆனால் ரேஷன் கடைக்குப் போகிற அன்று பூட்டைத் திறந்துகொண்டு போக வேண்டும். முதல் மாதம் மறந்துபோய் மாமியாரும் நானும் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று சர்க்கரை இல்லாமல் திரும்பினோம்! நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை சஞ்சார் சாத்தி என்ற அரசு தளத்தில் பார்க்கலாம். என் கணவர் பெயரில் அவருக்கே தெரியாத ஒன்று இருந்தது. அதிலேயே புகார் செய்து ரத்து செய்தோம்.

கார்டு மட்டும் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். என் கணவர்தான், "விழுந்த இடத்துல எழுந்திருக்காம போனா அவன் ரெண்டு தடவை ஜெயிச்ச மாதிரி" என்று புதுக் கார்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கினேன். வெளிநாட்டு வசதி மூடியிருக்கிறது. இணையத்தில் வாங்குவதற்கு 5,000 ரூபாய் வரம்பு வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அன்றைக்கு ஏற்றி, வாங்கினதும் இறக்கிவிடுவேன். பின்பக்கத்து மூன்று எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம், பால் கணக்குக்குப் பக்கத்தில், 1930-ம் கார்டின் பின்பக்கத்து எண்ணும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். இன்னொரு வரியும் அதன் கீழே இருக்கிறது. மகள் எழுதினது: "யார் ஏமாந்தாலும் இந்த வீட்டில் திட்டு கிடையாது. உடனே சொல்லவும்."

அந்த வரிக்கு 2024 கடைசியில் வேலை வந்தது. மாமியாருக்கு வீடியோவில் ஒருவன், போலீஸ் உடுப்பில். உங்கள் ஆதாரில் போதை மருந்துப் பார்சல் வந்திருக்கிறது, உங்களைக் கைது செய்திருக்கிறோம், கேமரா முன்னாலிருந்து எழுந்திருக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று மிரட்டியிருக்கிறான். டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்களே, அதுதான். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் எங்குமே கிடையாது. ஆனால் அது தெரிந்தவர்களே, படித்துப் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்களே, பயந்துபோய் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாதே என்பதுதான் அவன் முதல் கட்டளை. என் மாமியாருக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. கூடத்திலிருந்து, "ஏம்மா, இங்க வா! யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம். என்னன்னு வந்து கேளு" என்று கொல்லைப்புறம் வரை கேட்கக் கத்தினார். நான் ஈரக் கையோடு ஓடிவருவதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

இப்போதெல்லாம் சாயங்காலம் விளக்கு வைத்ததும் மாமியார் கேட்பார், "இன்னிக்கு எத்தனை பேரு கூப்பிட்டான்?" போன வாரம் ஒரே நாளில் மூன்று. ஒருவன் மின்சாரத்தைத் துண்டிப்பேன் என்றான், ஒருவன் பார்சல் என்றான். மூன்றாமவன் பழைய பல்லவியே, ரிவார்டு பாயிண்ட். "முதல் ஆறு எண்ணை நான் சொல்லட்டுமா மேடம்?" என்று ஆரம்பித்தான். "வேண்டாம் தம்பி, கடைசி ஆறைச் சொல்லு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வைத்துவிட்டான்.